பின்னட்டைப் பந்தி

ஸ்காபரோவில் கனமான தமிழ்ப் புத்தகம் போட நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம், வோபர்னில் நிரோஷினியின் வீட்டு முன்னறை. கவிதையென்றால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிறந்தநாள் அழைப்பிதழ் அடிக்கிறவர்களே அதையும் ஒப்பேற்றிக் கொடுத்துவிடுவார்கள். மெய்யியல், வரலாறு, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு என்று வந்தால் நிரோஷினிதான். காலை ஆறு மணிக்கு மருந்துக் கம்பனியில் பெட்டி அடுக்கத் தொடங்கி, இரண்டரைக்கு முடித்து வந்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தாளென்றால் ஆறு மணிவரை எழும்பமாட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அறுபத்தொரு புத்தகம். எல்லாவற்றிலும் இரண்டாம் பக்கத்தின் அடியில் 'கணினி வடிவமைப்பு: நிரோஷினி கிருபன்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். "நிரோஷினி செய்தால் பிழை வராது" என்று அந்த வட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அவள் அதைக் கேட்டும் கேளாததுபோல இருப்பாள். ஆனால் ஒருதரம் அச்சகக்காரர் அந்த வரியை விட்டுவிட்டபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது புருஷன் கிருபனுக்குத் தெரியும்.

ஊரில் ஏ.எல். சோதனையில் அளவையியலுக்கு அவளுக்கு ஏ தரம். கம்பஸுக்கு இடம் கிடைத்த அதே மாதம், கனடாவிலிருந்து கிருபன் அனுப்பிய ஸ்பொன்சரும் சரிவந்தது. வீட்டில் எதைப் பெரிதாக நினைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அவள் மெய்யியல் படித்ததெல்லாம் ரொறன்ரோவில், மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளில்தான். தட்டிக்கொண்டே படித்தாள். விளங்காத இடத்தில் நிறுத்தி, எழுதினவரையே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். கேட்கப்பட்டவர்கள் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வீடுகளில் அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை.

அப்படிக் கேட்கப்பட்டவர்களில் பெரிய தலைகள் இரண்டு. ஒருவர் இராஜரட்ணம் சேர், எழுபத்தாறு வயது. மற்றவர் மரியோ, எழுபது. சென்னையிலும் லண்டனிலும் சிட்னியிலும் மெய்யியலைத் தமிழில் வாசிக்கிறவர்களைக் கேட்டால் இந்த இரண்டு பெயரும் வரும். எது முதலில் வருகிறது என்பதை வைத்து, சொல்கிறவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம். இருவரும் பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை.

மரியோ அகதியாக வந்திறங்கியபோது சேரின் வீட்டு பேஸ்மன்றில்தான் இரண்டு வின்ரர் இருந்தார். மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இருந்துகொண்டு 'துலாமுள்' என்று ஒரு சிற்றிதழ் நடத்தினார்கள். ஏழு இதழ் வந்தது. நிரோஷினி முதன்முதல் செய்த வேலையே அதுதான். பிறகு மரியோ வெளிக்கிட்டு வேறிடம் போய், 'அடைக்கலமும் அதிகாரமும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அடைக்கலம் கொடுக்கிறவன் வாடகையாக அகதியின் சிந்தனையைக் கேட்கிறான் என்பது அதன் சாரம். மரியோ அதைப் பொதுவான தத்துவம் என்றார். சேர் அதில் தன் பேஸ்மன்றைக் கண்டார். உடனே பதினான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, மரியோவுக்கு ஒன்றும் ஊருக்கு முப்பதுமாக அனுப்பினார். சுதந்திரம், கடமை, மற்றமை என்றெல்லாம் போய், ஒன்பதாம் பக்கத்தில், முட்டைப்பொரியலில் மிளகு போட்டால் மரியோவுக்குச் சரிவராதென்று தன் மனைவி எட்டு மாதம் மிளகில்லாமல் பொரித்ததைப் பற்றி ஒரு முழுப் பந்தி. மரியோவின் பதில் பதினேழு பக்கம். அதில், பேஸ்மன்றுக்குச் சூடு வருகிற துவாரத்தை மேலேயிருந்து யாரோ மூடிவிடுவார்கள் என்று இருந்தது. இரண்டையும் தட்டியவள் நிரோஷினி.

அதற்குப் பிறகு, ஒருவர் கூட்டம் வைத்தால் மற்றவர் அதே ஞாயிறு அதே நேரத்தில் வேறு மண்டபத்தில் கூட்டம் வைப்பார். சேர் தன் மேடையில், துரத்தப்பட்டு வந்த, பிரெஞ்சில் எழுதிய ஒரு மெய்யியலாளரைப் பற்றிச் சொல்வார்: ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் இங்கிலாந்தில் அடைக்கலம் கொடுத்தாராம், வருடம் முடியமுதல் வந்தவர் கொடுத்தவரையே சதிகாரன் என்றாராம். மரியோ தன் மேடையிலிருந்து பதில் சொல்வார்: "அந்த ஸ்கொட்லாந்துக்காரர் தான் செய்த உபகாரத்தை அச்சடிச்சு வித்தவர் எண்டதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கோ." இரண்டு பக்கமும் கை தட்டுவார்கள். இரண்டு பக்கத்திலும் தேத்தண்ணியும் பற்றிஸும் ஒரே கடையில்தான் எடுப்பார்கள்.

நிரோஷினி இருவருக்கும் வேலை செய்தாள். அது இருவருக்கும் தெரியும், தெரியாததுபோல இருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவருக்குச் சொல்வதில்லை, ஒருவர் எழுதியதில் ஓர் எழுத்தும் கூட்டுவதில்லை குறைப்பதில்லை. இந்த இரண்டையும் அவள் பதினெட்டு வருடம் விட்டுக்கொடுக்கவில்லை. மரியோ இப்போது மகனோடு அஜக்ஸில் இருக்கிறார். கிருபனுக்கு அங்கே வெயார்ஹவுஸில் வேலை. வேலை முடிந்து வரும்போது அவருடைய கையெழுத்துத் தாள்களை வாங்கிக்கொண்டு வருவான்.

"உந்த ரெண்டு கிழவரும் செத்தால்தான் உமக்கு ரெஸ்ற்" என்பான் கிருபன், தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு.

"செத்தால் நினைவுமலரும் நான்தானே அடிக்கவேணும்" என்பாள் அவள்.

போன வருடம் சேர் 'நன்றியின் மெய்யியல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மனிதன் 'நான்' ஆவதே பிறரிடம் பெறுவதால்தான், ஆகவே நன்றிகெட்டவன் முழு மனிதனில்லை என்பது வாதம். மரியோவின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு விருந்தாளி வருகிறான். அவனுக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது.

எல்லாம் முடிந்து சென்னைக்கு அச்சுக்கு அனுப்புகிற வேளையில் பின்னட்டை வெறுமையாக இருந்தது. சேர் தொலைபேசியில் சொன்னார்:

"பிள்ளை, எனக்கு உதுக்கு நேரமில்லை. என்ரை பழைய எழுத்துக்கள் எல்லாம் உம்மட்டைத்தானே கிடக்கு. நல்லதா ஒரு பந்தியை நீரே எடுத்துப் போடும்."

அவளிடம் எழுதுகிறவர்கள் பலரும் இப்படித்தான். உள்ளே ஒரு காற்புள்ளிக்கு அரைமணி நேரம் சண்டை பிடிப்பார்கள், பின்னட்டையை அவள் தலையில் போட்டுவிடுவார்கள். அவள் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து, துலாமுள் ஐந்தாம் இதழின் ஆசிரியர் குறிப்பிலிருந்து ஒரு பந்தியை எடுத்தாள். அந்த இதழில் ஆசிரியர் குறிப்பு யாருடைய பெயரிலும் வருவதில்லை. எழுதியது யாரானாலும் இருவரும் சேர்ந்து சொன்னதாகவே இருக்கவேண்டும் என்று முதலாம் இதழிலேயே தீர்மானித்திருந்தார்கள். அவ்வளவு ஒற்றுமை அன்றைக்கு. நன்றியைப் பற்றிய பந்தி, ஆகவே சேருடையது என்று நிரோஷினி நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுடைய பிழை.

பந்தி இதுதான்: 'கொடுப்பவர் கையை நீட்டினால் போதும். பெறுபவரோ தான் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, வந்த பொருளுக்கு இடம் விடவேண்டியிருக்கிறது. அப்படி நகர்ந்தவர் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. நன்றி என்று நாம் சொல்வது, திரும்பிப் போகமுடியாத அந்தச் சிறிய தூரத்தைத்தான்.'

அட்டையைப் பார்வைக்கு அனுப்பினாள். ஒரு மணித்தியாலத்தில் சேரின் மின்னஞ்சல் வந்தது: 'அருமை பிள்ளை. நான் எழுதியதை நானே மறந்துபோனேன்.'

வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் ஆய்வுரை. அதில் நான்கு பேர் பின்னட்டையைத்தான் பேசினார்கள்; புத்தகம் அவர்களுடைய கைக்கு முதல்நாள்தான் போயிருந்தது. சேர் ஏற்புரையில் அந்தப் பந்தியைப் பார்க்காமலே சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு. தன் தாயார் மோசம்போன கிழமையில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, யன்னலோரம் இருந்து எழுதியதாம். முன்வரிசையில் ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார்.

மூன்றாம் கிழமை கிருபன் அஜக்ஸிலிருந்து ஒரு மஞ்சள் உறை கொண்டுவந்தான். மரியோ எழுதிய விமர்சனம், பதினொரு பக்கம், அவர் எப்போதும் எழுதுகிற பச்சை மையில். நிரோஷினி தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். ஆறாம் பக்கத்தில் பின்னட்டைப் பந்தி வந்தது. 'இது வீட்டுச் சொந்தக்காரன் குடியிருப்பவனுக்குச் செய்யும் உபதேசம்!' என்று தொடங்கி, நகர்தல், தூரம் எல்லாம் வெறும் சோடனைச் சொற்கள் என்று ஒன்றரைப் பக்கம் போட்டு மிதித்திருந்தார். முடிவில் இப்படி இருந்தது: 'இராஜரட்ணம் எவ்வளவு வறண்டுபோனாலும் இவ்வளவு மலிவாக எழுதக்கூடியவரல்ல. இது இடத்தை நிரப்பத் தட்டச்சுக்காரி கிண்டிப் போட்ட சாம்பார் என்றே சந்தேகிக்கிறேன்!'

அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"மரியோ அண்ணை, ஆறாம் பக்கத்திலை தட்டச்சுக்காரி எண்டது ஆரை?"

"சேச்சே, தங்கச்சி. உம்மையில்லை. அது பொதுவாச் சொன்னது."

"புத்தகத்தை ரைப் பண்ணினது நான் ஒராள்தானே அண்ணை. பேர் போட்டிருக்கு."

"அது ஒரு உத்தி. அடி அவருக்குத்தான், உம்மிலை பட்டுப் போறமாதிரி எழுதினனான். நீர் வாசிக்கிற ஆள், உமக்கு விளங்கவேணும்."

"விளங்குது. அதை எடுக்கமாட்டியளோ?"

"எழுதினது எழுதினதுதான்."

வைத்துவிட்டார்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. சேர் எழுதியதுதான் என்று காட்டினால் இந்த வசனத்தை வெட்டத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, துணி வைக்கிற அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பெட்டிகளை இறக்கினாள். தட்டி முடித்த தாள்களை அவள் எறிவதில்லை. துலாமுள் ஐந்து என்று எழுதிய கோப்புறை மூன்றாம் பெட்டிக்குள் இருந்தது. ஆசிரியர் குறிப்பு கோடு போட்ட கொப்பித் தாளில், இரண்டு பக்கம். மூலையில் தேத்தண்ணிக் கறை. எழுத்து பச்சை மை.

அந்தத் தாளையும் அன்றைக்கு வந்த விமர்சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். 'ந'வுக்குப் போடுகிற அதே சுழி. அந்தாள் தன்னுடைய பந்தியையே மலிவு என்று எழுதியிருக்கிறார். மற்ற ஆள் அதைத் தாய் செத்த கிழமையில் எழுதியதாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார். பேஸ்மன்றில் இருந்து இந்த மனிசன் அதை எழுதினபோது, மிளகில்லாத முட்டைப்பொரியலைத்தான் நினைத்திருப்பார்போல.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சநேரத்தில் போய்விட்டது. மரியோவுக்குச் சொன்னால் 'களவு' என்று அடுத்த நிமிடமே கத்துவார். சேருக்குச் சொன்னால் தன்னைக் கவிழ்க்க இவள் திட்டம் போட்டுச் செய்தாள் என்பார். திரும்ப இருந்து, விமர்சனம் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து, அவர் போட்ட ஆச்சரியக்குறிகள் உட்படத் தட்டி அனுப்பினாள். சொல்லாமல் அனுப்பியதில் கொஞ்சம் நஞ்சு இருந்தது என்பதை அவள் பிறகு கிருபனிடம் ஒத்துக்கொண்டாள்.

விமர்சனம் முகநூலில் ஏறி, வாட்ஸ்அப் குழுக்களில் இறங்கி, சனிக்கிழமை சேரின் சூம் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. நாற்பத்து மூன்று பேர். நிரோஷினி கமராவை நிறுத்திவிட்டு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ லண்டனிலிருந்து கேட்டார்: "சேர், பின்னட்டையைப் பற்றி மரியோ சொல்லுறதுக்கு உங்கடை பதில்?"

சேர் தொண்டையைச் செருமினார்.

"பின்னட்டை நான் பாக்கேல்லை. அது அந்த ரைப் பண்ணிற பிள்ளை இடத்தை நிரப்ப ஏதோ போட்டது. நானும் பிறகுதான் கண்டனான். மரியோவுக்கு என்ரை முந்நூறு பக்கத்திலை கடிக்க ஒண்டும் கிடைக்கேல்லை, ரைப்பிஸ்ற்றின்ரை நாலு வரியைக் கடிக்கிறார்."

மற்றச் சதுரங்களிலெல்லாம் சிரித்தார்கள்; வெளியீட்டு விழாவில் கண்ணைத் துடைத்த அன்ரியும் சிரித்தார். நிரோஷினி கையிலிருந்த சேட்டை மடித்தபடியே வைத்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி. "நீரே எழுதினீர், நிரோஷினி? பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்றவர்கள் சிலர். "உமக்கேன் உந்த வேலை?" என்றவர்கள் கனபேர். அவளோடு ஒரே வரிசையில் பெட்டி அடுக்குகிறவள் ரிஸ்மியா. ரிஸ்மியாவின் தகப்பன் அதாஉல்லா அக்கரைப்பற்றில் அதிபராக இருந்தவர். நானூறு பக்கத்தில் ஊர் வரலாறு எழுதி வைத்திருந்தார். அதை நிரோஷினிதான் செய்வதாகப் பேச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிஸ்மியா சுத்திவளைத்தாள்.

"ஒண்டும் நினைக்காதீங்க. வாப்பா கொஞ்சம் யோசிக்காரு. அவர் எழுதினதுக்குள்ள வேற ஆரும் எழுதிப் போட்டிருவாங்களோண்டு..."

"நான் அப்பிடிச் செய்யிற ஆளே, ரிஸ்மியா?"

"எனக்குத் தெரியும். வாப்பாக்குத் தெரியாதே."

நிரோஷினி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். மிச்ச நேரம் முழுவதும் பெட்டிகளை அடுக்கினாள். இரண்டரைக்கு வெளிக்கிடும்போது முடிவெடுத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, நூலகத்தின் கூட்ட அறையில் மூன்று மணிக்கு விமர்சனக் கூட்டம். பதினெட்டு வருடத்தில் முதல்தடவையாக மரியோ, சேர் இருக்கிற அறைக்கு வருகிறார் என்று கதை பரவியதால் கதிரை காணாமல் சுவரோடும் நின்றார்கள். சேர் மேசையின் இந்த அந்தம், மரியோ அந்த அந்தம். நடுவில் தண்ணீர்ப் போத்தல்கள். நாற்பது நிமிடம் ஆளுக்காள் குத்தினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் யன்னலைப் பார்த்தார். பின்னட்டைக் கதை வந்தது. மரியோ 'சாம்பார்' என்றார். சேர் "அதைப் பற்றி நான் ஏற்கெனவே விளக்கம் சொல்லியாச்சு" என்றார்.

நிரோஷினி எழும்பினாள். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்ட அந்தத் தாள் கையில் இருந்தது. இந்தக் கூட்டங்களில் அவள் கதைத்ததே இல்லை.

"நான்தான் நிரோஷினி. அந்தத் தட்டச்சுக்காரி. பின்னட்டையிலை இருக்கிறதை நான் எழுதேல்லை. துலாமுள் அஞ்சாம் இதழ், ஆசிரியர் குறிப்பு. கையெழுத்துப் பிரதி இது. சேர், நான் உங்கடை எண்டு நினைச்சு எடுத்தது என்ரை பிழை. அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அட்டையை உங்களுக்கு அனுப்பினனான். 'நான் எழுதியதை நானே மறந்துபோனேன்' எண்டு நீங்கள் பதில் போட்டது என்னட்டை இருக்கு." தாளைக் கொண்டுபோய் மரியோவுக்கு முன்னால் வைத்தாள். "மரியோ அண்ணை, எழுத்து ஆற்றை எண்டு பாருங்கோ."

மரியோ கண்ணாடியை மாற்றினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார், மூலையிலிருந்த கறையைப் பெருவிரலால் தடவினார். அவருடைய முகம் ஒரு நொடி இளகியது. அந்த ஒரு நொடியில் அவர் பச்சை மையோடு பேஸ்மன்று மேசையில் இருந்திருக்கவேண்டும். பிறகு நிமிர்ந்தார்.

"உது என்ரை! என்ரை பந்தியைத் தன்ரை புத்தகத்துக்கு அட்டையாப் போட்டு வித்திருக்கிறார்! களவு!"

"ஆற்றை?" சேரும் எழும்பிவிட்டார். "ஆற்றை வீட்டிலை இருந்து எழுதினது? ஆற்றை மேசை? ஆற்றை கொப்பித் தாள்? அந்தக் குறிப்பு ரெண்டு பேற்றை எண்டு நீர்தானே ஐசே தீர்மானம் எழுதினீர்?"

"சிந்தனைக்கும் வாடகை கேக்கிறார், பாருங்கோ!"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "மரியோ அண்ணை, அப்ப அது மலிவு, சோடனை எண்டு எழுதினதெல்லாம்?"

அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. சேரின் ஆட்கள் சிரித்தார்கள். மரியோவின் ஆட்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மேசையின் இரண்டு அந்தத்திலும் இருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு முதல்தடவை நேருக்கு நேர். அப்படியே இரண்டு பார்வையும் திரும்பி நிரோஷினியில் வந்து நின்றது.

"பிள்ளை, உந்தத் தாளையெல்லாம் வைச்சிருக்க உமக்கு ஆர் சொன்னது?" என்றார் சேர்.

"அதுதானே!" என்றார் மரியோ. "கையெழுத்துப் பிரதி எழுத்தாளனுக்குச் சொந்தம். தெரிஞ்சுகொண்டு என்ரை விமர்சனத்தை ரைப் பண்ணி அனுப்பியிருக்கிறீர். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை."

"என்னை வேணுமெண்டே மேடையிலை ஏத்தி விழுத்தியிருக்கிறா."

"ரெண்டு பேரையும்."

"ஓம், ரெண்டு பேரையும்."

நேரம் முடிந்துவிட்டதென்று நூலகப் பிள்ளை வந்து கதவைத் தட்டினாள். கதிரைகளை அடுக்கச் சொன்னாள்.

நான்கு நாள் கழித்துக் கிருபன் அஜக்ஸிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே சிரிக்கத் தொடங்கினான்.

"இஞ்சாரும், ஸ்ரேஷனடிக் கோப்பிக் கடையிலை நான் ஆரைக் கண்டன் சொல்லும். உம்மடை சேர். கோ ட்ரெய்ன் பிடிச்சு வந்திருக்கிறார். முன்னாலை மரியோ. ஒரு மேசை, ரெண்டு கோப்பி, நடுவிலை கடுதாசி."

"சமாதானமே?"

"என்ன சமாதானம்? மேசையிலை குத்திக் குத்திச் சண்டை. கிட்டப் போய்க் கேட்டன். நீர் கேக்கவேண்டிய மன்னிப்பை எப்பிடி எழுதுறதெண்டு."

அவன் சொன்னது சரி. அடுத்தநாள் இரண்டு உறை வந்தன. இரண்டிலும் அவளுடைய வாயால் எழுதிய மன்னிப்புக் கடிதம். கீழே 'இங்ஙனம், நிரோஷினி கிருபன்.' சேர் எழுதியதில் அவள் தன் 'கவனக்குறைவால்' இரு அறிஞர்களுக்கும் மனவுளைச்சல் தந்துவிட்டாள். மரியோ அனுப்பிய பிரதியில் அந்தக் 'கவனக்குறைவால்' வெட்டப்பட்டு, பச்சை மையில் 'அறியாமையால்' என்று போட்டிருந்தது. ஓரத்தில் சேரின் கையெழுத்தில் 'உடன்பாடில்லை'. இரண்டு உறையிலும் ஒரே குறிப்பு: தட்டி, பிழைபார்த்து, கையொப்பமிட்டு அனுப்பவும்.

அவள் மகள் துர்க்கா வாசித்துவிட்டுக் கதிரையில் விழுந்து சிரித்தாள். "அம்மா, வெயிற். உங்கட அப்பொலஜியை நீங்களே ரைப் பண்ணோணுமா? தட்ஸ் இன்சேன்."

"கையெழுத்தை வைச்சுவிடுமன்" என்றான் கிருபன். "கிழடுகள். வயசுபோன நேரத்திலை ஒரு சந்தோசம்."

"என்ரை பேரிலை, நான் எழுதாத ஒண்டுக்குக் கீழை நான் கையெழுத்து வைக்கிறதோ?"

"ஒரு சொல்லுத்தானே வித்தியாசம்."

"அந்தச் சொல்லுக்குத்தான் அவை ரெண்டு பேரும் சண்டை பிடிக்கினம், கிருபன். என்ரை பேரைப் பற்றின சண்டையிலை நான் இல்லை." அவள் இரண்டு கடிதத்தையும் மடித்தாள். "கவனக்குறைவும் இல்லை, அறியாமையும் இல்லை. ஒரு பிழை விட்டனான். அது என்ன பிழை எண்டு எனக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் அவள் நான்கு வசனம் எழுதினாள். எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. முந்நூறு பக்கத்தை வடிவமைக்கிறவளுக்கு அது அதிகம்தான். 'நன்றியின் மெய்யியல் நூலின் பின்னட்டைப் பந்தி திரு. மரியோவால் துலாமுள் ஐந்தாம் இதழின் ஆசிரியர் குறிப்புக்காக எழுதப்பட்டது. அதைத் திரு. இராஜரட்ணத்தினுடையது என நினைத்துத் தெரிவுசெய்தவள் நான். அச்சுக்கு முன்னர் அட்டை நூலாசிரியருக்கு அனுப்பப்பட்டு, அவரால் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அது என்னால் எழுதப்பட்டது என இருவரும் சொன்னது உண்மையல்ல.' கீழே பெயர். தமிழ்க் கடைகளில் சும்மா எடுக்கக்கூடிய வாரப் பத்திரிகை ஒன்று அதைப் பதினோராம் பக்கத்தில், வீடு விற்கிற ஒருவரின் சிரித்த படத்துக்குக் கீழே போட்டது.

திங்கட்கிழமை ரிஸ்மியா சாப்பாட்டு மேசையில் வந்திருந்தாள். "வாப்பா பேப்பரைப் பாத்தாரு. இருபது வருசத்துத் தாளையும் பத்திரமா வெச்சிருக்கிற ஆளாண்டு கேட்டாரு. ஓமெண்டன். அப்ப வரச்சொல்லு எண்டாரு. ஆனா பின்னட்டை அவரே எழுதுவாராம்."

"அதுதான் நல்லது" என்றாள் நிரோஷினி.

சனிக்கிழமை அலுமாரியின் மேல்தட்டைக் காலி செய்தாள். சேருக்கு நான்கு பெட்டி, மரியோவுக்கு மூன்று. கணினியில் இருந்தவற்றை ஆளுக்கொரு யூஎஸ்பியில் போட்டாள். துலாமுள் தாள்களை யாருக்கு எதென்று ஒவ்வொன்றாக மையைப் பார்த்துப் பிரித்தாள். அதற்கே ஒரு காலை போனது. கிருபன் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றினான்.

அஜக்ஸில் மரியோ கதவைத் திறக்கவில்லை. மருமகள் வந்து வாங்கினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "வைச்சிட்டுப் போகச் சொல்லும்! நன்றிகெட்ட உலகம்!" எந்தப் புத்தகத்தின் வாதத்தை யார் பேசுவது என்று நினைத்துக்கொண்டு நிரோஷினி படியிறங்கினாள்.

சேர் கதவடியில் ஸ்வெற்றரோடு நின்றார். பெட்டிகள் படியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன பிள்ளை?"

"உங்கடை பிரதிகள், சேர். வைச்சிருக்க ஆர் சொன்னதெண்டு கேட்டனீங்கள்தானே."

"கோவத்திலை கேட்டது. அடுத்த புத்தகம் பாதியிலை நிக்குது. ஆர் செய்யிறது?"

"மரியோ அண்ணையைக் கேளுங்கோ. இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறியள்தானே."

சேரின் முகம் கறுத்தது. அவர் மேடையில் பேசுகிற குரலை எடுத்தார்.

"உமக்கு ஒண்டு சொல்லட்டே? என்ரை புத்தகங்களிலை உம்மடை பேர் கிடக்கிறதாலைதான் உம்மை நாலு சனம் அறியும். இல்லாட்டி நீர் பெட்டி அடுக்கிற ஒரு ஆள்."

"ஓம் சேர். பெட்டி அடுக்கிற ஆள்தான். இப்பவும் நாலு அடுக்கியிருக்கிறன், எண்ணிப் பாருங்கோ." அவள் யூஎஸ்பியை மேல்பெட்டியின்மேல் வைத்தாள். "அடுத்த புத்தகத்திலை என்ரை பேர் வராது. ஆரும் பழக்கத்திலை போட்டால் எடுக்கச் சொல்லுங்கோ. நான் செய்யாத வேலைக்கு என்ரை பேர் வேண்டாம்."

"இந்த வயசிலை உதுகளை நான் எப்பிடி உள்ளை கொண்டுபோறது?"

அவள் படியிறங்கினாள். டிரைவ்வேயில் உப்புத் தூவாமல் வழுக்கியது. பார்த்து நடந்து வந்து வானில் ஏறினாள்.

"என்னவாம்?" என்றான் கிருபன்.

"பெட்டியை உள்ளை தூக்கி வைக்க ஆள் இல்லையாம்."

அவன் கதவைத் திறக்கப் போனான். "ஒரு நிமிசம். நான் வைச்சுவிட்டிட்டு வாறன்."

"வேண்டாம்" என்றாள். "பெல்ற்றைப் போடுங்கோ."

கிருபன் ஒருதரம் படியைப் பார்த்தான். பிறகு பெல்ற்றைப் போட்டுக்கொண்டு வானைப் பின்னால் எடுத்தான்.